ஸ்பேனர் மேல ஏறி நிக்காதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கங்க.

கோத்தகிரிக்குப் பக்கத்துலேர்ந்து எழுதறேன். மழை சீசன் வந்தா மலைப்பாதையில எப்படி ஓட்டணும்னு பேப்பர்ல பெட்டிச் செய்தி வருது, ஏறுன கியர்லயே இறங்குங்க, ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுங்க, பனி இருந்தா லைட்டப் போடுங்கன்னு. அதெல்லாம் சரிங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா வண்டி ரோட்டத் தொடுறது நாலே நாலு இடத்துல, ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட நம்ம உள்ளங்கை அகலந்தான், அந்த நாலு டயரையும் முன்ன பின்ன மாத்தி மாட்டுறதப் பத்தியும், மாட்டுன நட்ட எவ்வளவு டைட் வைக்கணுங்கறதப் பத்தியும் ஒரு வரி கூட நான் படிச்சதில்ல. அதான் நானே எழுத உக்காந்துட்டேன், நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எங்ககிட்ட இருக்கறது ஒரு பழைய வேகன் ஆர். அம்மாவுக்கு கோயம்புத்தூர்ல வைத்தியம் நடக்கறதால வாரத்துக்கு ரெண்டு தடவ இறங்கி ஏறணும், போக வர 140 கி.மீ. வரும், நாந்தான் ஓட்டுறேன். அதுல கோத்தகிரியிலேர்ந்து மேட்டுப்பாளையம் வரைக்கும் இருக்கற 33 கி.மீ.ல கிட்டத்தட்ட ஒன்றரை கிலோமீட்டர் உயரம் இறங்குறோம், வளைவுக்கு வளைவு பிரேக்கு, வளைவுக்கு வளைவு ஸ்டீயரிங்கு. இறங்கும்போது வண்டியோட பாரம் முன்னாடி சாயுது, பிரேக்கோட பெரும்பாதி வேலைய முன் டயர்தான் செய்யுது. ஏறும்போதும் விடுதலை இல்ல, நம்ம சின்ன கார் பூராவும் முன் வீல் இழுவை, இன்ஜினோட இழுப்பு அத்தனையும் அந்த ரெண்டு டயர் வழியாத்தான் ரோட்டுக்குப் போகணும். திருப்பறதும் அதே ரெண்டு. பின் டயர் பாட்டுக்கு பின்னால உருண்டு வருது, அவ்வளவுதான். அதனால சமவெளியில ஓடுற வண்டிய விட நம்ம வண்டிக்கு முன் டயர் சீக்கிரம் தேயும், அதுலயும் வெளி ஓரம் முதல்ல போயிடும். என் வண்டியில 11,000 கி.மீ. ஓடுனப்புறம் அளந்து பாத்தேன், முன்னாடி காடி, அதான் டயர் மேல வெட்டியிருக்கற பள்ளம், 4 மி.மீ. ஆழம், பின்னாடி 6 மி.மீ. இருந்துச்சு. புதுசுல நாலும் ஒண்ணுதான். இந்தத் தேய்மானத்த நாலுக்கும் சமமா பிரிக்கத்தான் டயர முன்ன பின்ன மாத்திப் போடுறது.

காருக்கு 1.6 மி.மீ.க்கு கீழ காடி போனா அந்த டயரு சட்டப்படி செல்லாது. டயர் காடிக்குள்ள குறுக்க சின்னச் சின்ன மேடு இருக்கும் பாருங்க, டயர் தேஞ்சு அந்த மேட்டுக்கு சமமா வந்துட்டா கதை முடிஞ்சுதுன்னு அர்த்தம். ஆனா எங்க ரோட்டுல மழையில அது வரைக்கும் காத்திருக்கறது தப்புன்னு நான் சொல்லுவேன், 3 மி.மீ. வந்தாலே நான் புது டயருக்கு காசு எடுத்து வைக்க ஆரம்பிச்சிடுவேன்.

இப்ப நடந்ததச் சொல்றேன். போன வருஷம் கீழ ஒரு கடையில அலைன்மென்ட், அதாவது வீலெல்லாம் கோணாம நேரா நிக்குதான்னு, பாத்தப்ப டயரையும் மாத்திப் போட்டுக் குடுத்தாங்க, ஏர் கன் வச்சு டர்ருன்னு நாலு வீலும் பத்து நிமிஷத்துல முடிஞ்சுது, கடை பேரெல்லாம் வேண்டாங்க, அது எந்தக் கடையிலயும் நடக்கலாம். ரெண்டு நாள் கழிச்சு அம்மாவ கூட்டிட்டு இறங்குறேன், அரவேணு தாண்டி கொஞ்ச தூரத்துல முன் இடது பக்கம் டக டகன்னு சத்தம், ஸ்டீயரிங் கையில நடுங்குது. பிரேக் வைக்கும்போது சத்தம் கூடுது. ரோடு கொஞ்சம் அகலமா இருந்த இடத்துல ஒதுக்கி நிறுத்திப் பாத்தா நாலு நட்டுல மூணு கையாலயே சுத்துது. நாலாவது ஒண்ணுதான் அந்த வீலப் புடிச்சுட்டு இருந்திருக்கு. இன்னும் கொஞ்சம் கீழ குஞ்சப்பனை பக்கம் போயிருந்தா பலாப்பழ சீசன்ல யானை நிக்கற ஏரியா, அங்க நிறுத்தி இறங்கி வேலை பாக்கவும் முடியாது. அம்மா பின் சீட்டுல உக்காந்துட்டு என்னம்மா ஆச்சு என்னம்மா ஆச்சுன்னு கேக்கறாங்க, எனக்கு பதில் சொல்ல வாய் வரல.

வண்டியோட குடுத்த ஸ்பேனர வச்சு டைட் பண்ணி மெதுவா இறங்கிப் போயிட்டு வந்துட்டோம். வீட்டுக்கு வந்து மிச்ச வீலெல்லாம் செக் பண்ணலாம்னு என் தம்பி பின் வலது பக்க நட்டக் கழட்டப் பாக்கறான், அசையவே இல்ல, ஸ்பேனர் மேல ஏறி நின்னு மிதிச்சான், பட்டுன்னு போல்ட்டு ஒடிஞ்சு நட்டோட கையில வந்துடுச்சு. ஒரே கடை, ஒரே நாள், ஒரே மிஷினு, ஒரு வீல் கழண்டு விழற மாதிரி லூசு, இன்னொரு வீல் போல்ட்டு ஒடியற மாதிரி டைட்டு. அன்னைக்குத்தான் இந்த டைட்டுங்கறது என்ன கணக்குன்னு தெரிஞ்சுக்கணும்னு முடிவு பண்ணேன்.

எங்க ஊர்ல பஸ் டிப்போவுல வேலை பாத்து ரிட்டையர் ஆன ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கார், அவர்தான் உக்கார வச்சு சொல்லிக் குடுத்தார். நட்ட டைட் பண்ணும்போது போல்ட்டு கண்ணுக்குத் தெரியாத அளவு லேசா இழுபடுதாம், இழுபட்ட ரப்பர் மாதிரி அது திரும்பச் சுருங்கப் பாக்குது, அந்த இழுப்புதான் வீல ஹப்போட, அதான் வண்டியில வீல் போய் உக்கார்ற சுத்துற பாகம், அதோட சேத்து அழுத்திப் புடிக்குது. இழுப்பு பத்தலன்னா வீல் ஹப்புல ஆடும், ஆடி ஆடி நட்டு தானா கழலும், ஓட்டையும் பெருசாகும். இழுப்பு அளவுக்கு மேல போனா போல்ட்டு திரும்பச் சுருங்காது, மரை போயிடும், இல்லன்னா எங்களுக்கு ஆன மாதிரி ஒடியும், பிரேக் டிஸ்க்கு கூட கோணி பிரேக் புடிக்கும்போது கால்ல உதறும். அதனால ஒவ்வொரு வண்டிக்கும் இவ்வளவுதான்னு ஒரு அளவு மேனுவல்ல போட்டிருக்கான், நியூட்டன் மீட்டர்ங்கற கணக்குல. என் வண்டிக்கு 85. சின்ன காருங்களுக்கு பெரும்பாலும் 85லேர்ந்து 110க்குள்ள வரும், உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு உங்க மேனுவலத்தான் பாக்கணும், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்னு வைக்காதீங்க.

85 நியூட்டன் மீட்டர்னா எவ்வளவுன்னு அண்ணன் ஒரு கணக்குப் போட்டுக் காமிச்சார், அது எனக்கு மறக்கவே மறக்காது. அரை மீட்டர் நீள கைப்பிடியோட முனையில 17 கிலோ அளவுக்கு இழுத்தா 85 வந்துடும். ஒரு பொம்பள உக்காந்த இடத்துலேர்ந்தே இழுக்கற அளவுதாங்க. ஆனா வண்டியில குடுக்கற குட்டி ஸ்பேனர் 25 சென்டிமீட்டர்தான் இருக்கும், அதுல 60 கிலோ ஆள் ஏறி நின்னா 150 கிட்ட போயிடுது, இன்னும் ஒரு மீட்டர் பைப்பு சொருகி 30 கிலோ இழுத்தா 300 தொட்டுடும். நம்ம ஆளுங்க எல்லாரும் டைட்டா இருந்தா நல்லதுன்னு நெனச்சு ஏறி நின்னு மிதிக்கறோம், அது நல்லதில்ல, ரெண்டு மடங்கு பாரத்த அந்த போல்ட்டு மேல ஏத்துறோம்.

அதுக்குத்தான் டார்க் ரெஞ்ச்னு ஒரு சாமான் இருக்கு. கைப்பிடிய திருகி 85ல வச்சு லாக் பண்ணிட்டா, நட்டு அந்த அளவுக்கு வந்ததும் கிளிக்னு சத்தம் போட்டு கையில ஒரு சின்ன உதறல் குடுக்கும், அதோட நிறுத்திடணும், இன்னொரு தடவ எதுக்கும் இருக்கட்டும்னு இழுக்கக்கூடாது. நட்டு கழட்டறதுக்கு அத உபயோகப்படுத்தக்கூடாது, கழட்ட சாதா ஸ்பேனர்தான். வேலை முடிஞ்சதும் அளவ அடி நம்பருக்கு இறக்கி வச்சுடணும், இல்லன்னா உள்ள இருக்கற ஸ்பிரிங்கு கணக்கு தப்பிடும். எனக்கு சாக்கெட்டோட சேத்து 2,800 ரூபா ஆச்சு. மாருதி நட்டுக்கு 19 சாக்கெட்டு, ஹூண்டாய்க்கு 21. எங்க லைன்ல ஆறு வீட்டுல கார் இருக்கு, எல்லாரும் பங்கு போட்டு ஒரு டிராலி ஜாக்கியும் ரெண்டு ஸ்டாண்டும் சேத்து வாங்கிட்டோம், யார் வேணும்னாலும் எடுத்துட்டுப் போயி திருப்பி வச்சுடணும், வீட்டுக்கு வீடு வாங்க வேண்டியதில்ல பாருங்க.

சாமான் இருந்தா மட்டும் பத்தாது, மலையில இடம் வேணும். எங்க வீடெல்லாம் சரிவுல, வாசல்ல நிறுத்துனா வண்டி ஒரு பக்கம் சாஞ்சுதான் நிக்கும், அந்த எடத்துல ஜாக்கி போடவே கூடாதுங்க, கெஞ்சிக் கேட்டுக்கறேன். எங்க பக்கத்துலயே ஒருத்தர் வாசல்லயே ஜாக்கி போட்டு ஏத்தி, வண்டி நகந்து ஜாக்கி சாஞ்சு கதவுக்கு கீழ் தகரம் பூரா மடங்கிப் போச்சு, நல்ல வேளை அந்நேரம் கை உள்ள இல்ல. நாங்க தேயிலை எடை போடுற ஷெட்டுக்கு முன்னாடி இருக்கற சிமென்ட் தரைக்குப் போயிடுவோம், ஞாயித்துக்கிழமை இலை வண்டி வராது. சர்ச்சு வளாகம், ஸ்கூல் மைதானத்து ஓரம், எதுவா இருந்தாலும் மட்டமா கெட்டியா இருக்கணும். மண் தரைன்னா ஜாக்கிக்கு அடியில தடி பலகை வைக்கணும், மழை ஊறுன மண்ணுல ஜாக்கி உள்ள எறங்கும்.

இன்னொரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியறதில்ல. ஹேண்ட் பிரேக் நம்ம வண்டியில பின் வீலத்தான் புடிக்கும். டிராலி ஜாக்கி வச்சு பின்னாடி ரெண்டையும் தூக்கிட்டீங்கன்னா ஹேண்ட் பிரேக் போட்டும் புண்ணியமில்ல, தரையில இருக்கற முன் வீலப் புடிக்க கியர் ஒண்ணுதான் இருக்கும். அதனால ஹேண்ட் பிரேக்கும் போடணும், முதல் கியரும் போடணும், தூக்காத பக்கத்து வீலுக்கு முன்னயும் பின்னயும் கட்டையும் வைக்கணும். நாங்க சில்வர் ஓக் துண்டுகள ஆப்பு மாதிரி சீவி நாலு வச்சிருக்கோம். கிடைச்ச உருண்டக் கல்லெல்லாம் வேண்டாம், அது உருளும். வண்டிக்குள்ள யாரும் உக்காந்திருக்கக்கூடாது. வண்டி ஏறுனதும் ஸ்டாண்டு வைக்கணும், ஸ்டாண்டு இல்லாதவங்க கழட்டின வீல வண்டிக்கு அடியில படுக்க வச்சுடுங்க, ஜாக்கி நழுவுனாலும் வண்டி அது மேலதான் உக்காரும். என்ன ஆனாலும் ஜாக்கிய மட்டும் நம்பி அடியில கைய தலைய விடாதீங்க.

நட்ட லூஸ் பண்றது வீல் தரையில இருக்கும்போதே, அரைச் சுத்து போதும். அப்புறந்தான் தூக்கணும். ஜாக்கி வைக்கற இடம் கதவுக்கு அடியில ரெண்டு வெட்டுக் குறிக்கு நடுவுல இருக்கும், வேற இடத்துல வச்சா தகரம் உள்ள போயிடும். எங்க ஊர்ப் பனிக்கும் ஈரத்துக்கும் வீல் ஹப்போட துருப்பிடிச்சு ஒட்டிக்கும், நட்டெல்லாம் கழட்டியும் வராது. அப்ப வண்டி தூக்கியிருக்கும்போது உதைக்காதீங்க, ரப்பர் சுத்தியல வச்சு டயரோட பக்கவாட்டுல சுத்திச் சுத்தித் தட்டுனா வந்துடும். வந்ததும் ஹப்பு முகத்த கம்பி பிரஷ்ஷால தேச்சு துரு எடுத்துடணும், துரு மேல வீல வச்சு டைட் பண்ணா ஓடும்போது துரு உதிர்ந்து நட்டு லூசாயிடும். மரையில ஆயிலு கிரீஸு தடவாதீங்க, மேனுவல்ல போட்ட அளவு காஞ்ச மரைக்குத்தான், ஆயில் போட்டா அதே 85லயே போல்ட்டு அதிகமா இழுபட்டுடும்.

மாட்டும்போது நட்டோட கூம்புப் பக்கம் வீலப் பாத்து இருக்கணும். முதல்ல கையாலயே நாலு சுத்து சுத்துங்க, கையில சுத்தலன்னா மரை கோணியிருக்குன்னு அர்த்தம், கழட்டி மறுபடி வைங்க. அப்புறம் எதிர் எதிரா டைட் பண்ணணும், வரிசையா சுத்தி வந்தா வீல் ஒரு பக்கமா உக்காந்துடும். வண்டிய இறக்கினப்புறந்தான் டார்க் ரெஞ்ச். அதோட முடியல, 50லேர்ந்து 100 கி.மீ. ஓடினதும் இன்னொரு தடவ டார்க் ரெஞ்ச் வச்சுப் பாக்கணும். நான் ஒரு தடவ கோயம்புத்தூர் போயிட்டு வந்த மறுநாள் காலையில பாத்துடுவேன். அந்தக் கடையில இத யாராவது சொல்லியிருந்தா அரவேணுவுக்கு கீழ நான் அப்படி நின்னிருக்க மாட்டேன்.

எது எங்க போகணுங்கறது இனி. முன் வீல் இழுவை வண்டிக்கு, முன் டயர் ரெண்டும் அதே பக்கத்துல நேரா பின்னாடி போகணும், பின் டயர் ரெண்டும் பக்கம் மாறி முன்னாடி வரணும். பழைய ஆம்னி, பொலேரோ மாதிரி பின் வீல் இழுவைக்கு இது தலைகீழ், பின்னது நேரா முன்னாடி வரும், முன்னது பக்கம் மாறி பின்னாடி போகும். டயர் பக்கத்துல அம்புக்குறி போட்டிருந்தா அது ஒரே திசையில சுத்தற டயர், பக்கம் மாத்தவே கூடாது, அதே பக்கத்துல முன்ன பின்ன மட்டும்.

ஒரே ஒரு ஜாக்கி வச்சிருக்கறவங்க ஸ்டெப்னிய வச்சு சமாளிக்கலாம், இது அண்ணன் சொன்ன வழி, முன் வீல் இழுவை வண்டிக்கு. முதல்ல முன் இடதக் கழட்டி அங்க ஸ்டெப்னிய மாட்டிடுங்க. அடுத்து பின் இடதக் கழட்டி அங்க கையில இருக்கற முன் இடத மாட்டுங்க. அடுத்து முன் வலதக் கழட்டி அங்க பின் இடது. அடுத்து பின் வலதக் கழட்டி அங்க முன் வலது. கடைசியா முன் இடதுக்கு வந்து ஸ்டெப்னியக் கழட்டி அங்க பின் வலது. அஞ்சு தடவ ஜாக்கி போடணும், ஒரு நேரத்துல ஒரு வீலுக்கு மேல தூக்க வேண்டியதில்ல. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சாக்பீஸ்ல ஒவ்வொரு டயர் மேலயும் எங்கேர்ந்து வந்துச்சுன்னு எழுதிடுங்க, நடுவுல டீ குடிச்சிட்டு வந்தா குழம்பிடும். இப்ப வர்ற சில வண்டியில ஸ்டெப்னி சின்ன சைஸா இருக்கு, நின்ன இடத்துல இப்படி மாட்டி வைக்க பரவால்ல, ஆனா அத ரொட்டேஷன்ல சேத்து ஓட்டக்கூடாது.

முடிஞ்சதும் காத்துப் பாக்கணும், நிறைய வண்டிக்கு முன்னுக்கும் பின்னுக்கும் வேற வேற அளவு, டிரைவர் கதவுகிட்ட ஸ்டிக்கர்ல இருக்கும். மேட்டுப்பாளையத்து வெயில்ல புடிச்ச காத்து இங்க மேல வந்தா குளிர்ல ரெண்டு பி.எஸ்.ஐ. கிட்ட குறையும், உயரத்துல வெளிக் காத்தோட அழுத்தம் கம்மிங்கறதால மீட்டர்ல கிட்டத்தட்ட அதே அளவு கூடவும் காட்டும், ரெண்டும் ஏறக்குறைய சரியாப் போயிடுது. எங்க பாத்தாலும் காலையில டயர் குளிர்ந்து இருக்கும்போது பாக்கறதுதான் கணக்கு.

எப்ப செய்யணும்னா 8,000லேர்ந்து 10,000 கி.மீ.க்கு ஒருக்கான்னு பெரும்பாலும் போட்டிருக்கும். மலையில ஓடுறவங்க 8,000லயே செஞ்சுடுங்க. தள்ளிப்போட்டு தள்ளிப்போட்டு முன் டயர் மொட்டை ஆனப்புறம் அதத் தூக்கி பின்னாடி போடுறது ஆபத்து, இத நான் அழுத்திச் சொல்றேன். மழையில இறங்கும்போது பாரம் முன்னாடி சாஞ்சு பின்பக்கம் லேசா இருக்கும், அங்க மொட்டை டயர் இருந்தா வளைவுல பிரேக் வச்சதும் வண்டியோட வால் பக்கம் விலகிடும், முன்னாடி வழுக்கறத விட அத சமாளிக்கறது கஷ்டம். புதுசா ரெண்டு டயர் மட்டும் வாங்குனாலும் புதுச பின்னாடிதான் போடணும்னு டயர் கம்பெனிக்காரங்களே சொல்றாங்க. அப்புறம் உள் ஓரம் மட்டும் தேஞ்சிருந்தா அது அலைன்மென்ட் குத்தம், நடுவுல மட்டும் தேஞ்சா காத்து அதிகம், ரெண்டு ஓரமும் தேஞ்சா காத்து கம்மி. அதச் சரி பண்ணாம டயர மாத்தி மாத்திப் போட்டா நாலும் சேந்து கெட்டுப்போகும். அலைன்மென்டுக்கு கடைக்குத்தான் போகணும், அத வீட்டுல செய்ய முடியாது.

கடைக்காரங்க மேல எனக்குக் கோபம் இல்ல, ஏர் கன் வேலைய சுலபமாக்குது, ஆனா கடைசி டைட் மட்டும் டார்க் ரெஞ்ச்சுல வைங்கன்னு கேக்கறேன், நாலு வீலுக்கு ரெண்டு நிமிஷம் கூட ஆகாது. வண்டி குடுக்கறவங்களும் பக்கத்துல நின்னு கேட்டு வாங்குங்க. டிரைவிங் ஸ்கூல்ல எட்டு போடச் சொல்லிக் குடுக்கறாங்க, அதோட ஒரு நாள் ஜாக்கி போடவும் நட்டு டைட் பண்ணவும் சொல்லிக் குடுத்தா எவ்வளவு நல்லாருக்கும், முக்கியமா பொண்ணுங்களுக்கு. நான் 17 வருஷமா ஓட்டுறேன், போன வருஷம் வரைக்கும் ஒரு நட்டக் கூட நானா கழட்டுனதில்ல. இப்ப எங்க லைன்ல மூணு பொண்ணுங்க தனியாவே செய்யறாங்க, அம்மா பக்கத்துல சேர் போட்டு உக்காந்து கிளிக் சத்தத்த எண்ணிட்டு இருப்பாங்க, 16 வரணும்.

ஐப்பசி மழை எங்க பக்கம் பலமா இருக்கும், அதுக்கு முன்னாடி இதப் போட்டீங்கன்னா நாலு பேர் பாத்துச் செய்வாங்க. இடம் பத்தலன்னா எத வேணும்னாலும் வெட்டிக்கோங்க, அந்த ஸ்டெப்னி வரிசைய மட்டும் வெட்டாதீங்க ஐயா, அதுல ஒரு வரி விட்டுப்போனாலும் டயர் இடம் மாறிப் போயிடும்.

இப்படிக்கு,
கோத்தகிரி வாசகி